வாலிபால் கோப்பைக்குப் பின்னால் நின்றவர்

1988, ஜனவரி. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இராஜபாளையம் பஸ் ஏறினேன். கும்பகோணத்திலிருந்து முதல் நாளே வந்து கோவிலைப் பார்த்தாயிற்று. இராஜபாளையத்தில் ஒரு வாசகசாலைக்குப் பின்புறம், இரண்டு அறைகளில் ஊரின் பழம்பொருட்களைச் சேர்த்து வைத்திருப்பதாக விடுதியில் சொன்னார்கள். பதினொரு கிலோமீட்டர் தூரம். டிக்கெட் ஒரு ரூபாய். மேற்கே மலை, முந்தின நாள் மழையில் கழுவிவிட்டதுபோல் பச்சையாக இருந்தது.

மம்சாபுரத்துக்குப் பாதை பிரியும் விலக்கில் ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். பெயர் செல்லக்கனி. நான் போகும் இடத்தைச் சொன்னதும் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நானும் அங்கதான் போறேன் அக்கா. உங்களுக்கு இடம் தெரியுமா?"

வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவள் கணவர் அந்தோணி, மில்லில் வேலை பார்த்தவர். வேலை போனதும் பம்பாய்க்குப் போனார். அப்போது செல்லக்கனி கர்ப்பமாக இருந்தாள். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. மகள் மேரிக்கு இப்போது பதினொரு வயது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு போட்டோவின் அடியில் அந்தோணி என்ற பெயரை மேரி படித்திருக்கிறாள்.

"அவ அப்பா மூஞ்சிய பார்த்ததே இல்ல. கல்யாணப் போட்டோவ கரையான் தின்னுட்டு. வேற அந்தோணியா இருந்தா பிள்ளை வாடிப் போயிருவா. அதான் மொதல்ல நான் பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வெங்கம்மா என்ற அம்மாள், உள்ளே யாருக்கோ தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டே சாவியோடு வந்தார்.

முதல் அறையில் பன்றி வேட்டைக்கான ஈட்டி ஒன்றும், பித்தளைக் குமிழ் பதித்த தோல்பட்டை ஒன்றும் இருந்தன. அந்தப் பட்டை, இந்த ஊரின் வெள்ளை வேட்டை நாய்களுக்குக் கட்டுவது. "எங்க ஆளுக வடக்கேருந்து வரும்போதே நாயும் கூட வந்துச்சும்பாங்க" என்றார் வெங்கம்மா. ஓர் ஓரத்தில் தேர்ச் சக்கரத்துக்குப் போட்டு நைந்த முட்டுக்கட்டை. அதன் ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. எத்தனை திருவிழா அதன்மேல் ஏறி இறங்கியதோ. பக்கத்தில் பால்கோவா கிண்டிக் கறுத்த இரும்புச் சட்டி.

இரண்டாவது அறை மில்களுக்கானது. மரக் கட்டைகளில் சுற்றிய நூல், ஷிப்டு மாறும்போது கையால் சுற்றி ஊதும் சங்கு, சுற்று வட்டாரத் தறிகளில் நெய்த மருத்துவக் கட்டுத்துணி. இந்த ஊர் பஞ்சை நம்பி எழுந்தது என்பது அந்த அறையில் நின்றால் புரியும். சுவரில் பெரிய போட்டோ ஒன்று. மில் வாலிபால் அணி, நடுவில் வெள்ளிக் கோப்பை. அடியில் டைப் அடித்த பெயர்கள். நான் குனிந்து படிக்கப் போனேன்.

"பேரைப் படிக்காதீங்க அக்கா" என்றாள் செல்லக்கனி. "நானே பாக்கேன்."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பின்வரிசையில் கோப்பைக்கு நேர் பின்னால் நின்ற ஒல்லியான பையனிடம் வந்ததும் அவள் விரல் கண்ணாடியில் நின்றுவிட்டது. நான் பெயரைப் பார்த்தேன். அவர்தான். தலையை மட்டும் ஆட்டினேன்.

"இவிய சிரிச்சிட்டு நிக்காவ" என்றாள். "கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது போல. இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லக்கா. மேரிக்கு இதே காது."

வெங்கம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். செல்லக்கனி உட்காரவில்லை. ஸ்டூடியோக்காரரை வரவழைத்துப் பிரதி எடுக்கலாம், அந்தோணியின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தருவார் என்று வெங்கம்மா சொன்னார்.

"வேண்டாம்மா. எல்லாரோடயும் இருக்கட்டும். அங்கயாவது தனியா நிக்காம இருக்கட்டும்."

"உம் பிள்ளைய எப்ப வேணும்னாலும் கூட்டிட்டு வா. பூட்டியிருந்தாலும் கதவத் தட்டு, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றார் வெங்கம்மா.

நாலரை மணி பஸ்ஸில் திரும்பினோம். டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, "மேரிட்ட ஆமான்னு சொல்லட்டா, இல்லன்னு சொல்லட்டா?" என்று கேட்டாள். "இல்லன்னு சொன்னா இன்னியோட மறந்துருவா. ஆமான்னு சொன்னா என்னைய மாதிரி அவளும் காத்துக் கெடக்கணும்."

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படங்கள் நாலைந்து மாட்டியிருக்கின்றன. தூசி தட்டுவதற்குத்தான் அவற்றின் முன்னால் நிற்கிறேன். ஒரு முகத்தை இப்படி விரல் வைத்துத் தேடவேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இதை அவளிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"நீ எப்படிம்மா இத்தனை வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"வேலைக்குப் போவேன், வருவேன். செத்த நேரம் மறந்திருக்கும். பொறவு வந்துரும்" என்றாள்.

விலக்கில் பஸ் நின்றது. புளியமரத்தடியில் பச்சைப் பாவாடையும் ரெட்டைச் சடையுமாக ஒரு சிறுமி நின்றிருந்தாள். செல்லக்கனி என் கையை அழுத்திவிட்டு இறங்கினாள். சிறுமி ஓடிவந்து ஏதோ கேட்டாள். தாய் மகளின் தலையை வருடிக்கொடுத்தாள். பஸ் கிளம்பியதும் நான் எழுந்து பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குனிந்து மகளிடம் அவள் ஏதோ சொன்னாள். ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்.

வீட்டுக்குப் போகும் மண்பாதை அவர்களுக்கு அருகிலேயே இருந்தது. அவர்கள் அதில் திரும்பவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் ரோட்டைக் கடந்து, இராஜபாளையம் பஸ் நிற்கும் எதிர்ப்பக்கத்துக்குப் போய் நின்றார்கள்.