இரண்டு விரல் இடைவெளி

எந்த இடுக்கில் மண் இருந்தாலும் அம்மாவுக்குப் பொறுக்காது. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கொண்டை ஊசியை உருவி, கண்ணாடி ஓடும் பள்ளத்தைச் சுரண்டத் தொடங்கிவிடுவாள். நான் பட்டம் வாங்க மேடையேறியபோதும் முன் இருக்கையின் மடிப்பைத்தான் நோண்டிக்கொண்டிருந்தாள்.

இருபத்தாறு வருடம் பார்த்த வேலை அப்படி. நூற்று முப்பது வயதான இரும்புப் பாலம். அதன் தளத்தில் அங்கங்கே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கும். வெயிலில் இரும்பு நீளும். நீள இடம் வேண்டும். அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கத்தான் பாலப் பிரிவில் அம்மாவுக்குச் சம்பளம். சாலைப் பிரிவுக்கோ அது குழி. வண்டி தடதடக்கிறது என்று யாராவது புகார் கொடுத்தால் போதும், தாரை ஊற்றி மூடிவிடுவார்கள். அம்மா மறுபடி தோண்டுவாள். இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில்தான். மாடியேறிப் போய்ச் சொல்ல ஒருவருக்கும் கால் எழவில்லை.

பாலத்தை வைத்துக்கொள்வதா, இடிப்பதா என்று முடிவு செய்யும் குழு வருவதற்கு முந்தின நாள், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று சாலைப் பிரிவினர் எல்லா இடைவெளியையும் மூடிவிட்டார்கள். மறுநாள் மதிய வெயிலில் குழு அளக்கும்போது தளம் புடைத்திருந்தால் கதை முடிந்தது.

அம்மாவின் மேற்பார்வையாளருக்கு அவள் வைத்த பெயர் நாற்காலி. தோண்ட அனுமதி கேட்டதற்கு, "மேல கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றார்.

"நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள பாலம் ஆத்துல கிடக்கும் சார். உக்காருங்க, நல்லா உக்காந்தே இருங்க!"

மறுநாள் காலையிலேயே இரண்டு பீப்பாயை உருட்டி வழியை மறித்து, கூட வேலை செய்த பெண்களோடு உளியும் சுத்தியலுமாக நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டில் மறந்துவிட்டுப் போன கையுறையைக் கொடுக்கப் போன நான், தெரிந்தவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று தள்ளி நின்றேன்.

"ஏம்மா, வேலைக்குப் போற நேரத்துலதான் தோண்டுவியா?" என்று கத்தினார் ஒரு ஸ்கூட்டர்காரர்.

"நானும் வேலைக்குத்தான்யா வந்திருக்கேன்! சுத்திப் போ!"

பாலம் தப்பியது. அனுமதியில்லாமல் போக்குவரத்தை நிறுத்தியது யார் என்று விசாரணை வந்தது. அம்மா ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. வேலை போனால் ஓய்வூதியமும் போகும். 'நான்தான் செய்யச் சொன்னேன்' என்று நாற்காலி எழுதிக் கொடுத்துவிட்டார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது.

தெருவில் அவரைக் கண்டால் அம்மா எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லிடேம்மா."

"என்னன்னுடி சொல்ல? இத்தனை வருஷம் அவரைத் திட்டுன வாய் இது."

எனக்கு எரிச்சலாக வருகிறது. அவள் மேலா, அன்று தள்ளி நின்ற என் மேலா, தெரியவில்லை. போன வாரம் அவருக்குப் பிரிவுபசார விழா. அழைப்பு வந்தும் அம்மா போகவில்லை. சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை பாக்கியாகவே நிற்கிறது.