பின்வாசலில் பதினோரு பேர்

போராட்டம் என்றால் எல்லோருக்கும் முஷ்டிதான் ஞாபகம் வரும். முத்தம்மாவைக் கேட்டால் முட்டியைச் சொல்வாள். ஐம்பத்து மூன்று வயதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோன பெண்பிள்ளை, நகரத்துக்கு வெளியே ஓர் அடுக்குமாடியின் ஆறாவது மாடியிலிருந்து இருட்டோடு இறங்கி, பெண்களிடம் காசு கேட்காத பஸ் வரும்வரை நின்று, தி.நகர் வந்து சேர்வதற்குள் பாதிப் போராட்டம் முடிந்துவிடும். மீதிப் பாதியைத்தான் சங்கத்துக்காரர்கள் நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள்.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சைதாப்பேட்டை ஆற்றங்கரையில். அங்கே வீடு இருந்தவரை வேலைக்கு நடந்தே போய்விடுவாள். கரையைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகும் அதே வேலைக்குத்தான் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். பாண்டி பஜார் பக்கம் ஓர் ஆறு மாடி ஜவுளிக்கடை. பதினாலு வருஷம் அங்கே தரை துடைத்தாள். ஜவுளிக்கடைத் தரையின் சங்கடம் வேறு யாருக்கும் புரியாது. புடவைகளிலிருந்து உதிர்ந்த குண்டூசிகள் மூலைமுடுக்கெல்லாம் கிடக்கும். துடைப்பத்துக்கு அவை அகப்படாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு போவாள் முத்தம்மா. அந்த யோசனை அவளுடையது. அதற்காக ஒரு தீபாவளிக்கு முதலாளி அண்ணாச்சியே கூப்பிட்டுக் கூடுதலாக ஒரு சேலை கொடுத்தார்.

சேலை கொடுத்த அதே கடை, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, “இனிமே கிளீனிங் எல்லாம் ஏஜென்சி பாத்துக்கும்” என்று சொல்லி, பதினெட்டுப் பெண்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. திங்கட்கிழமை ஏஜென்சி வேனில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பதினோரு பிள்ளைகள் இறங்கினார்கள். நீலச் சட்டை, ஒல்லி உடம்பு. முத்தம்மா எதிர்ச் சாரியில் நின்று பார்த்தாள். வயிறு எரிந்தது. அவள் நல்லவள்தான், ஆனாலும் எரிந்தது. இதை மறைத்து எழுதுவதில் யாருக்கும் புண்ணியமில்லை.

வேலை போன பிறகுதான் சங்கத்தில் சேர்ந்தாள். வழக்கு போட்டார்கள். வாய்தா மேல் வாய்தாவாக அது போய்க்கொண்டிருக்க, மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்தாள். மறியல், ஆர்ப்பாட்டம் என்று லீவு கேட்டால், “ஏண்டி, நீ கொடி பிடிச்சுண்டு போயிட்டா ஆத்துல வேலையெல்லாம் யார் பாக்கறது?” என்பார் ஒரு வீட்டு மாமி. நியாயமான கேள்வி. ஆனாலும் பதினாலு வருஷம் துடைத்த அந்த ஆறு மாடியை ஒரு நாள் திரும்பக் கொடுத்துவிடுவார்கள் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளைக் கொடி பிடிக்க வைத்தது. வேறு லட்சியம் ஒன்றும் கிடையாது.

இப்படி இருந்தவள் அந்த நீலச் சட்டைக்காரர்களுக்காகவே மறியலுக்கு வந்தாள் என்றால், அதற்குக் காரணம் ஒரு கை.

போன மாதம் முட்டிவலி மாத்திரைக்காக சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். சீட்டு எழுதும் இடத்தில் நீலச் சட்டையில் ஒரு பெண் நின்றிருந்தாள். வலது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. அவள் பெயர் சபிதா என்பதே பிறகுதான் தெரியும். சீட்டு எழுதுபவர் ஆதார் கேட்டார். தெரிந்த நாலு தமிழ் வார்த்தைகளை வைத்து அவள் தடுமாறினாள். “கார்டு... சூப்பர்வைசர். எல்லாம் கார்டு, சூப்பர்வைசர்.” கூட வந்த ஆள் யார் என்று கேட்டதற்கு வாசல் பக்கம் கையைக் காட்டினாள். வாசலில் யாரும் இல்லை. ஏஜென்சி சூப்பர்வைசர் வேலு அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டிருந்தான்.

முத்தம்மா அந்தத் துணியை விலக்கிப் பார்த்தாள். ஆசிட். கடையின் ஐந்தாவது மாடிக் கழிவறையில் இருக்கும் அந்த வெள்ளைக் கேன் அவளுக்கு நன்றாகத் தெரியும். கையுறை இல்லாமல் ஊற்றினால் எங்கே தெறிக்கும், எத்தனை நாள் எரியும் என்பதும் தெரியும். சீட்டில் தன் பெயரை எழுதச் சொல்லிச் சண்டை போட்டு, கட்டுப் போட வைத்து, கூடவே உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது அந்தப் பெண் முத்தம்மாவின் தோளில் ஒரு நிமிஷம் நெற்றியை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வெறுப்பு பாதி குறைந்தது. முழுசும் போய்விட்டது என்று சொன்னால் முத்தம்மாவே சிரிப்பாள்.

சங்கத்தில் இதைச் சொன்னபோது செயலாளர் துரைராஜ் சூடாகிவிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை. “பதினோரு பேரோட ஆதாரப் புடுங்கி வச்சிகினு கொத்தடிமை மாதிரி வேல வாங்குறான். செவ்வாக்கெழம பின்வாசல்ல மறியல்!” என்றார். பெண்கள் முணுமுணுத்தார்கள். முத்தம்மாவோடு அதே கடையில் தரை துடைத்த ஜமீலுன்னிசா எழுந்தே விட்டாள்.

“நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவங்களுக்கு நாம ஏன் யக்கா கொடி புடிக்கணும்?”

“அதுங்களா போட்டுச்சி? போட்டவன் வேறடி,” என்றாள் முத்தம்மா. “நீ வர்ற.”

ஐந்நூறு நோட்டீஸ் அடித்தார்கள். நல்ல தமிழில், எழுச்சியான தமிழில். கடைக்காரர்களுக்குக் கொடுத்தார்கள், ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்தார்கள், போலீசுக்கும் முறையாக ஒன்று கொடுத்தார்கள். யாருக்காக மறியலோ அந்தப் பதினோரு பேரிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாணத்துக்கு ஊரையெல்லாம் அழைத்துவிட்டு மாப்பிள்ளைக்குச் சொல்ல மறந்த கதைதான். சங்கத்தில் ஒருவருக்கும் இந்தி வராது. இந்திக்கு நெருக்கமான உருதுவை வீட்டில் பேசுகிறவள் ஜமீலுன்னிசா ஒருத்தி. அவளோ, “அவங்ககிட்ட பேச எனக்கு இன்னா கீது?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்குப் பின் சந்தில் இருபது பேர் கூடினார்கள். கொடி கட்டிய கழிகள், தப்பு மேளம் ஒன்று, துரைராஜின் கையில் மெகாபோன். வேன் சந்துக்குள் திரும்பியதும் ஆரம்பித்தார்கள்.

“வெளியேற்று! வெளியேற்று! ஏஜென்சியை வெளியேற்று!”

“திருப்பிக் கொடு! திருப்பிக் கொடு! ஆதார் அட்டையைத் திருப்பிக் கொடு!”

வேன் நின்றது. கதவு திறக்கவில்லை. முத்தம்மா கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளே பதினோரு பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் பையால் தலையை மூடிக்கொண்டிருந்தான். அந்தக் கூச்சலில் அவர்களுக்குப் புரிந்தது ‘ஆதார்’ ஒன்றுதான். கழியும் கையுமாக ஒரு கூட்டம் வெளியூர்க்காரனிடம் ஆதார் கேட்டால், கையில் ஆதார் இல்லாதவன் என்ன நினைப்பான்? அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். முத்தம்மாவுக்கு அது அப்போதுதான் புரிந்தது.

அதற்குள் வேலு பைக்கில் வந்து சேர்ந்தான். வேன் ஜன்னலில் குனிந்து இந்தியில் என்னவோ சொன்னான். ஜமீலுன்னிசா முத்தம்மாவின் காதருகே வந்தாள்.

“ஒங்கள ஒதைக்க வந்துகீறாங்க, எறங்காதீங்க, ஊருக்கு ரயிலேத்தி வுட்டுர்றேன்னு சொல்றான் யக்கா.”

வேலு நேராக முத்தம்மாவிடம் வந்தான். பட்டினப்பாக்கத்துப் பையன். பேச்சில் தேன் தடவத் தெரிந்தவன்.

“யக்கா, இன்னும் ரெண்டு வாட்டி நல்லா சவுண்டு வுடுங்க. இதுங்க தானா ஓடிப்பூடும், ஆதார் வெவகாரமும் அதோட பூடும். நாளைக்கு எனக்கு ஆள் வோணும். ஒங்க பதினெட்டு பேரையும் நானே எடுத்துக்கறேன். அதே கடை, அதே மாடி. மேனேஜராண்ட பேசிட்டேன்.”

சொல்லிவிட்டு நகர்ந்து, போனைப் பார்ப்பதுபோல் பைக்கில் சாய்ந்துகொண்டான்.

முத்தம்மா அசையாமல் நின்றாள். மந்தைவெளியில் இரண்டு வீட்டு மாடிப்படியும், மாமியின் கேள்வியும், இரண்டு வருஷ வாய்தாவும் இதோ இந்தச் சந்திலேயே முடிந்துவிடும். அவள் ஒன்றும் செய்யவேண்டாம். எல்லோரோடும் சேர்ந்து கத்தினால் போதும். வேனுக்குள் இருந்த சபிதா அவளைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டுப் போட்ட கையைக் கண்ணாடியில் வைத்து, நீயுமா என்பதுபோல் பார்த்தாள். ஜமீலுன்னிசா முத்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். துரைராஜ் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். அந்த இரண்டு நிமிஷத்தில் முத்தம்மாவுக்கு அவ்வளவு அசதியாக இருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

வேன் உறுமியது. பின்பக்கமாக நகர ஆரம்பித்தது.

“ஜமீலா, சொல்லுடி! போய் சொல்லுடி அதுங்ககிட்ட!”

ஜமீலுன்னிசா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். வேனின் பக்கவாட்டில் அறைந்துகொண்டே உருதுவில் கத்தினாள். உங்களுக்காகத்தான் வந்திருக்கிறோம், உங்கள் அட்டையை வாங்கித் தரத்தான் நிற்கிறோம், இறங்குங்கள், பிள்ளைகளே, இறங்குங்கள் என்று. வேன் நிற்கவில்லை. சந்து முனையில் மாடு குறுக்கே வந்து அது தயங்கியபோது கதவு விலகியது. சபிதா குதித்தாள். பின்னால் இன்னொருவன் காலை வெளியே வைத்தான். அதற்குள் வேன் உஸ்மான் ரோடு பக்கம் திரும்பிப் போய்விட்டது.

ஒருத்திதான் இறங்கினாள். அவளும் ஜமீலுன்னிசாவின் பேச்சை முழுசாக நம்பி இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த முகத்தை நம்பி இறங்கினாள்.

வேலு பைக்கை உதைத்தான். முத்தம்மா அதன் முன் போய் நின்றாள். மற்ற பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள். துரைராஜ் மெகாபோனைத் தூக்கியபோது முத்தம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். கோஷம் இல்லை, மேளம் இல்லை. இருபது பேர் வாயை மூடிக்கொண்டு ஒருவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து நடந்ததில் அதுதான் மறியல். பத்து நிமிஷம் தாங்கினான் வேலு. பிறகு தோள்பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஆதார் அட்டைக் கட்டு ஒன்றை எடுத்து முத்தம்மாவின் கையில் திணித்தான்.

“இந்தா, வச்சிக்க. இனிமே அதுங்களுக்கு நான் பொறுப்பு இல்ல. ஒனக்கும் இந்தக் கடையில வேல கெடையாது, ஆமா.”

வழிவிட்டார்கள். பைக் போய்விட்டது.

“வெற்றி, தோழர்களே!” என்றார் துரைராஜ். “முத்தம்மா, அட்டைங்கள விசிறி மாதிரி புடிம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

சபிதா அட்டைக் கட்டைப் பிரித்து முதலில் தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டி, படத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னாள். பத்துப் பெயர்கள். கடைசிப் பெயரைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். அது, காலை வெளியே வைத்தவனுடையது.

“எந்த ஸ்டேஷனுக்கு இட்டுகினு போறாங்கன்னு கேளுடி,” என்றாள் முத்தம்மா.

ஜமீலுன்னிசா கேட்டாள். சபிதாவுக்குத் தெரியவில்லை. ரயிலுக்குத்தான் போகிறார்களா, வேறு ஊரில் வேறு கடையா என்பதும் தெரியவில்லை. அவர்கள் போனெல்லாம் வேலுவிடம் இருந்தது.

“போட்டோ அப்பறம் எடுத்துக்கலாம்ணா. நாங்க சென்ட்ரலுக்குப் போய்ப் பாக்குறோம்,” என்று முத்தம்மா அட்டைகளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

மூவரும் அண்ணா சாலைக்கு வந்து பஸ் ஏறினார்கள். தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் வெகுநேரம் நின்றது. ஆபீஸ் நேரம். சென்ட்ரலில் ஆயிரம் பேருக்கு நடுவில் பத்துப் பேரை எங்கே தேடுவது என்று முத்தம்மாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஜன்னல் வழியே போகிற ஒவ்வொரு வேனையும் எட்டிப் பார்த்தாள்.

“நான் அந்த ரெண்டு நிமிசம் சும்மா நின்னேண்டி,” என்றாள் மெதுவாக. “அவன் சொன்ன வேலைய நெனச்சிகினு நின்னேன். மொதல்லயே ஒன்ன அனுப்பி இருந்தா எல்லாம் எறங்கி இருக்கும்.”

இடுப்பில் செருகியிருந்த முந்தானையை ஜமீலுன்னிசா அப்போதுதான் உருவிவிட்டாள்.

“எனக்குத்தான பாஷ தெரியும் யக்கா,” என்றாள். “நீ சொல்லணும்னு நான் எதுக்குக் காத்துகினு நின்னேன்?”

நடுவில் உட்கார்ந்திருந்த சபிதா இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டாள். ஜமீலுன்னிசா அதை மட்டும் மொழிபெயர்க்காமல், ஜன்னலில் தெரிந்த அடுத்த வேனைக் காட்டினாள்.