உமிச் சாக்குகளும் இரண்டாவது மெஷினும்

பாலையூற்று அருளம்பலம் பதினாறு வருடம் ஒரே ஐஸ் தொழிற்சாலையில் கொம்பிரசர் ஓட்டியவர். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடத்தில் மெஷின்கள் இரண்டு. ஒன்று அவருக்கு. மற்றது கிண்ணியாவிலிருந்து வரும் ஆதம்பாவாவுக்கு.

1996, மின்வெட்டு வருடம். நிலாவெளி மீனை வாங்கும் கொழும்புக் கம்பனி ஒன்று, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அரசாங்கத் திட்டத்தில் சேர்ந்தது. தனக்கு ஐஸ் கொடுப்பவர்களும் சேரட்டும் என்று படிவம் அனுப்பியது. கட்டாயமில்லை, விரும்பினால் சேரலாம். முதலாளி கனகசுந்தரம் கையெழுத்து வைத்தார். படிவம் நிரப்புகிற வேலை அருளம்பலத்திடம் வந்தது.

அவருக்கு அது பிடித்துப்போனது. ஒரு கட்டி ஐஸுக்கு எத்தனை யூனிட் என்று தினமும் குறித்தார். குளிர் எங்கே போகிறது என்று, ஐஸ் அச்சுகள் அமிழ்ந்திருக்கும் உப்புநீர்த் தொட்டியைச் சுற்றிவந்து கைவைத்துப் பார்த்தார். கட்டிகளை இழுத்த பிறகு தொட்டியின் பலகை மூடிகளை யாரும் திரும்பப் போடுவதில்லை. அடுத்த லொறி வந்தால் மறுபடி தூக்க வேண்டுமே என்ற அலுப்பு. அருளம்பலம் அவற்றை உடனுக்குடன் மூடவைத்தார். மூடிகளின்மேல் போட ஆதம்பாவா தன் ஊர் நெல் ஆலையிலிருந்து சாக்குகளில் உமி கொண்டுவந்தார். யுத்த காலம். கிண்ணியாப் படகுத் துறையில் ஆயுதம் இருக்குமோ என்று ஒவ்வொரு சாக்கையும் இராணுவம் கம்பியால் குத்திப் பார்த்தது. ஓட்டைகளை இருவரும் இருந்து தைத்தார்கள்.

"ஐஸுக்குக் குளிரும் எண்டு போர்வை போத்துற ஆக்கள் நாமதான்" என்று ஆதம்பாவா சிரித்தார்.

மூன்று மாதத்தில் ஒரு மெஷினே போதும் என்றாகிவிட்டது. பார்வையிட வந்த திட்ட அதிகாரியிடம் அருளம்பலம் பெருமையாகச் சொன்னார்: "இப்ப மற்றது சும்மாதான் நிக்குது, சேர்."

முதலாளி பக்கத்தில் நின்றார்.

அந்தக் கிழமையே ஆதம்பாவாவை நிறுத்தினார்கள். துறையில் சோதனை என்று அவர் தினமும் பிந்தி வருவதைக் காரணமாகச் சொன்னார்கள்.

மறுநாள் அருளம்பலம் சாக்குகளை இழுத்துப் போட்டு, மூடிகளையும் திறந்துவிட்டார். இரண்டாவது மெஷினை ஓடவைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். வேலை உடுப்பை எடுக்க வந்த ஆதம்பாவா அதைக் கண்டார்.

"என்ன வேலை இது?"

"தொட்டி சூடேறினா உங்களக் கூப்பிடத்தானே வேணும், நானா." அண்ணன் முறையில் அவரை அப்படித்தான் அழைப்பார்.

"அதுக்குள்ள ஐஸ் இல்லாம நிலாவெளி மீன்பிடிகாரன்ட மீன் அழுகிப்போகும். நேவி விடாம அவனே பாதி நாள் கடலுக்குப் போக ஏலாமக் கிடக்கிறான். எடுங்க சாக்க."

இருவருமாகத் திரும்ப அடுக்கினார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் ஆதம்பாவா தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி மூட்டை சுமக்கப் போனார்.

அடுத்த வருடம் திட்டத்தின் பாராட்டுப் பட்டியலில் அருளம்பலத்தின் பெயர் வந்தது. தான் விலகிக்கொள்வதாக அவர் எழுதிப் போட்டார். பதில் மரியாதையாக வந்தது. இது விருப்பத் திட்டம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், தங்கள் பெயரை நீக்கிவிட்டோம், தங்கள் தொழிற்சாலை இதுவரை மிச்சப்படுத்திய மின்சாரம் மட்டும் பதிவில் அப்படியே இருக்கும்.

வாசித்து மடித்துவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விடப் போனார். வேலை முடிய இன்னும் ஏழு மணித்தியாலம் இருந்தது. மாற்றிவிட ஆளில்லை.