இடி இடித்தாலும் எழுந்திருக்கும் சுவிட்ச்

நடுவட்டம் தேயிலை ஃபேக்டரியிலிருந்து எலக்ட்ரீசியன் செல்வராஜ் போன் செய்தார். "மேடம், இடி இடிச்சுதுங்க. புது சுவிட்சோட பிளக்கைப் புடுங்கிப் போட்டேனுங்க."

கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் அந்தப் பெட்டியில் அப்போதுதான் அதன் இயக்க மென்பொருளான ஓ.எஸ். ஏறிக்கொண்டிருந்தது.

குன்னூர் ஆபீசிலிருந்து எங்கள் கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்ப்பவள் நான். ஃபேக்டரி ஃபேக்டரியாகப் போய், லேப்டாப்பைச் செருகி, கட்டளை கட்டளையாகத் தட்டி அலுத்துப்போய்த்தான் ஓ.எஸ். இல்லாமல் காலியாக வந்து, நாம் கொடுக்கும் ஓப்பன் ஓ.எஸ்ஸைப் போட்டுக்கொள்ளும் சுவிட்சைக் கேட்டு வாங்கினேன். காலி சுவிட்சுக்குக் கரன்ட்டும் கேபிளும் கொடுத்தால் போதும். அதுவே எங்கள் சர்வரைத் தேடி ஓ.எஸ்ஸை இறக்கிக்கொள்ளும், தன் சீரியல் நம்பருக்கென்று எழுதிவைத்த அமைப்புக் குறிப்பான கான்ஃபிகையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். "நடுவட்டத்துல ஆள் போகாம தானா எந்திரிச்சாத்தான் மத்த ஃபேக்டரிக்கு. இல்லைன்னா பழைய மாதிரியே" என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அவர் இப்போது என் பின்னால் நின்றார். "வண்டி சொல்லட்டுமா? கையாலயே முடிச்சிட்டு வந்துருங்க. அந்த ஆளுக்கு ஒரு மெமோ கொடுக்கணும்."

சுள்ளென்று கோபம் வந்தது. "எதுக்கு சார் மெமோ? இந்த மலையில இடி இடிச்சா பிளக்கைப் புடுங்கத்தான் செய்வாங்க. அப்படிப் புடுங்கித்தானே நம்ம மோட்டாரெல்லாம் பொழச்சுக் கெடக்கு? யாரும் போகப்போறதில்ல."

இடி நின்றதும் செல்வராஜ் பிளக்கைச் செருகினார். சுவிட்ச் மறுபடி முதலிலிருந்து ஓ.எஸ். கேட்டது. சர்வர் கொடுக்கவில்லை. சர்வரின் பதிவேடான லாகைப் பார்த்தேன்: 'இந்த சீரியல் நம்பருக்குக் கொடுத்தாகிவிட்டது.' அட கஷ்டமே! கொடுக்க ஆரம்பித்த உடனேயே கணக்கை முடித்துவிடும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தோம். சுவிட்சே 'முடிந்தது' என்று சொன்ன பிறகுதான் முடிக்க வேண்டும் என்று மாற்றினேன். சுவிட்ச் சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், அடுத்த முறை கேட்டதும் கிடைத்தது.

ஓ.எஸ். பாதி ஏறியிருக்கும்போது போனை எடுத்தேன். "செல்வராஜ், இன்னொருக்கா புடுங்குங்க."

"ஏனுங்க மேடம், இப்ப இடியே இல்லீங்களே!"

"பரவால்ல, புடுங்குங்க. பாதியில நின்னாலும் தானா எந்திரிக்குதான்னு பாக்கணும்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்கென்ன பைத்தியமா?"

செல்வராஜ் பிடுங்கினார், சிறிது பொறுத்துச் செருகினார். நான் கீபோர்டைத் தொடவே இல்லை. ஓ.எஸ். ஏறியது, கான்ஃபிக் வந்தது. "மேடம், எடைமேடை கம்ப்யூட்டருக்கு நெட் வந்துருச்சுங்க!" என்று போனில் கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் குனிந்து திரையைப் பார்த்தார். "கூடலூர் ஃபேக்டரிக்கு எப்ப அனுப்பறீங்க?" என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'பிளக்கைப் பிடுங்காதே' என்று நோட்டீஸ் ஒட்டுவது சுலபம். பிடுங்கினாலும் தாங்குகிற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதுவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.