ருக்மணி: கணக்குப் படித்த நாடகக்காரி

ருக்மணி போய்விட்ட செய்தி சென்ற புதன்கிழமை காலை வந்தது. ஓய்வுக்குப் பிறகும் நான் போய்வந்துகொண்டிருக்கும் அஸ்தம்பட்டி ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தேன். அவள் மகன் குமரன் பேசினான். "அத்தை, அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்." "படுத்திருந்தாளா?" என்று கேட்டேன். "இல்லீங்க அத்தை. நடந்துட்டு இருந்தாங்க" என்றான்.

அவளை அறிந்த உங்களுக்கு அது வியப்பாக இருக்காது. அவள் உட்கார்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நாங்கள் படித்தோம். அவள் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக்கார வீட்டுப் பெண். கணக்கு படித்தாள், விடுதியில் தங்கியிருந்தாள். நான் ஆட்டையாம்பட்டித் தறிக்கார வீட்டுப் பெண். வணிகவியல் படித்தேன், தினமும் பேருந்தில் வந்துபோனேன். எங்கள் கல்லூரியில் நாடகத்துக்கென்று ஒரு பாடம் கிடையாது. ஆண்டுவிழா நாடகம் தமிழ் இலக்கிய மாணவிகளுக்கு உரியது என்பது எழுதாத சட்டம். முதலாண்டிலேயே ருக்மணி போய் வாய்ப்புக் கேட்டாள். "கணக்குப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே வேதியியலில் ஒருத்தி, விலங்கியலில் ஒருத்தி, தன் வகுப்பிலேயே ஒருத்தி, என்னையும் தன்னையும் சேர்த்து ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை உண்டாக்கிவிட்டாள். "நாடகத்துக்குன்னு ஒரு பட்டம் இருந்தா நான் சேர்ந்திருக்கவே மாட்டேன். அதுக்கும் பரிச்சை வெச்சுக் கெடுத்திருப்பாங்க" என்பாள்.

ஒத்திகைக்கு இடம் தர மறுத்துவிட்டார்கள். மதிய இடைவேளையில் சைக்கிள் கொட்டகையில் பழகினோம். அதன் சிமென்ட் தரை முழுவதும் அவள் சாக்பீஸால் கட்டம் போட்டு எண் எழுதினாள். "சுசீலா, நீ மூணு ரெண்டுல நிக்கறே. அழுகை வந்ததும் அஞ்சு நாலுக்குப் போவோணும். வழியில அழுதீன்னா தப்பு." கணக்குப் பேராசிரியை ஒருநாள் அந்தப் பக்கம் வந்தார். தரையையே வெகுநேரம் பார்த்துவிட்டு, கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

குரல் போதவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பனமரத்துப்பட்டி ஏரிக்கு அழைத்துப்போனாள். எங்களைக் கரையில் வரிசையாக நிறுத்திவிட்டு, அவள் மட்டும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே, "கேக்கல, கேக்கல" என்று கையாட்டினாள். மாடு ஓட்டிவந்த ஒருவர் நின்று, "ஏனுங்க, எதாச்சும் தொலைஞ்சு போச்சுங்களா?" என்றார். "இல்லீங்க, கெடைக்குமான்னு பாக்கறோம்" என்றாள் ருக்மணி.

மூன்றாம் ஆண்டில் அவளே ஒரு நாடகம் எழுதினாள். பெண் பார்க்க வரும் ஒரு நாளின் கதை. நான் மகள், அவள் அப்பன். வேட்டி கட்டி, மீசை ஒட்டி, தோளில் துண்டோடு அவள் வந்தாலே கொட்டகை சிரிக்கும். ஒவ்வொரு பேச்சுக்கும் அந்தத் துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவாள். அது அவளுடைய அப்பாவின் பழக்கம். அய்யன் என்றுதான் அவரை அவள் சொல்வாள்.

ஆண்டுவிழா மாலையில், திரை தூக்கச் சற்று முன்பு, அவள் திரையில் இருந்த ஓட்டை வழியே அரங்கத்தைப் பார்த்தாள். "எங்கய்யன் வந்து உக்காந்திருக்காரு" என்றாள். அவர் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. "துண்டை மட்டும் விட்டுருடி" என்றேன். "துண்டு இல்லாட்டி இந்த ஆளு அப்பனே இல்ல" என்றவள், மேடைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு விழுந்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நாடகம் முடிந்ததும் அவர் மேடைக்குப் பின்னால் வந்தார். மகள் மீசையோடு நின்றாள்.

"நானு இப்படித்தான் துண்ட ஒதறுவனா சாமி?"

"ஆமாங்கய்யா."

"கோவத்துல ஒதறுறதில்ல கண்ணு. பயந்தா ஒதறுவேன். நீ கோவமாப் பண்ணிப்போட்டே." பிறகு, "பொட்டியக் கட்டிக்க. மாப்ள ஊட்டுக்காரங்க காத்தால வாராங்க" என்றார்.

பத்து நாளில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அவள் வரவில்லை, ஓர் அஞ்சலட்டை வந்தது. "அப்பன் வேசம் நீ கட்டு. துண்டை உதறும்போது பயப்படு." பயப்பட எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடுங்கிக்கொண்டே உதறினேன். எங்கள் கல்லூரியில் சிரித்த இடங்களிலெல்லாம் அந்த அரங்கம் மூச்சுக்கூட விடவில்லை. பரிசு இல்லை. நகைச்சுவை போதவில்லை என்று நடுவர் சொன்னார்.

நிச்சயம் முடித்து, தேர்வு எழுத மட்டும் திரும்பி வந்த ருக்மணி முதலில் கேட்டது, "சிரிச்சாங்களா?"

"இல்ல."

கொட்டகையைச் சுற்றி வேகவேகமாக நடந்தாள். "அப்ப அய்யன் சொன்னதுதான் சரி. நான் அப்படிப் பண்ணிப் பாக்க முடியாமப் போச்சே." இனி மேடை ஏறுவதில்லை என்று அய்யனுக்கு வாக்குக் கொடுத்துத்தான் தேர்வுக்கு அனுமதி வாங்கியிருந்தாள் என்பதை அப்புறம்தான் சொன்னாள்.

எண்பதுகளில் சேலம் தொலைபேசி நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ட்ரங்க் கால் இணைக்கும் பெண்களை வைத்தே நாடகம் போட்டாள். "மேடையில ஏறமாட்டேன்னுதான் வாக்கு. கீழ நின்னு கத்தமாட்டேன்னு சொல்லலையே" என்று சிரிப்பாள். ஒரு முறை அந்தப் பழைய நாடகத்தையே எடுத்தாள். ஒருநாள் என் அலுவலகத்துக்குப் போன் பேசினாள். "சுசீ, அப்பன் வேசக்காரிக்கு மாத்தல் ஆயிருச்சு. உனக்கு வசனம் பூராவும் தெரியும். ஞாயித்துக்கெழம வந்துரு புள்ள. எங்கய்யனக் கூப்புட்டிருக்கேன்."

அலுவலகத்தில் வேலை அதிகம், வர முடியாது என்றேன். அது பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த அரங்கத்து மௌனத்துக்கு முன்னால் இன்னொரு முறை நிற்க எனக்குத் தைரியம் இல்லை. "சரி புள்ள" என்று வைத்துவிட்டாள். அதைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று அவளே மேடை ஏறினாள் என்பது எனக்குத் தெரியும். நடந்தது என்னவென்று இழவு வீட்டில் அவள் கணவர்தான் சொன்னார். "ஒருத்தரும் சிரிக்கலீங்க. மாமா முன் வரிசையில இருந்தாரு. முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயி, 'வாக்க மீறிட்டியே சாமி'ன்னாரு. 'ஆமாங்கய்யா'ன்னா. அப்பறம், 'மறுக்கா எப்பப் போடறீங்க? உங்கம்மாளக் கூட்டியாரேன்'னாரு."

அதன்பின் அவள் எத்தனை மேடை ஏறினாள் என்பது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் போகாததால்தான் அவள் ஏறினாள் என்று இந்த ஒரு வாரமாக என்னைத் தேற்றிப் பார்க்கிறேன். மனம் கேட்கவில்லை. அவள் கூப்பிட்டாள், நான் போகவில்லை, அவ்வளவுதான்.

நாடகம் எழுதிய நோட்டை வீடு முழுக்கத் தேடியும் காணோம் என்றான் குமரன். என்னிடம் இருக்கிறது என்றேன். தாளில் இல்லை, ஐந்து பேருடைய வசனமும் ஒரு சொல் விடாமல் நெஞ்சில் இருக்கிறது. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நான்கு நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களுடைய வசனம் தானாக வருகிறது. அப்பனுடையது மட்டும் வாய்விட்டுச் சொன்னால்தான் வருகிறது. சன்னலைச் சாத்தாமலே சொல்கிறேன்.