முந்நூற்றுப் பதினோராம் பக்கம்

அந்த நாவல் எழுநூற்று நான்கு பக்கம். ஒன்பது கட்சிகள், பெயருள்ள பாத்திரங்கள் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். வியாழனைச் சுற்றி வரும் ஒரு செயற்கை நகரத்தில் கதை நடக்கிறது. அங்கே எந்தப் பேட்டைக்கு எத்தனை மணி நேரம் வெயில் விடுவது என்று இருபத்தேழு பேர் கொண்ட மன்றம் வாக்கெடுத்து முடிவு செய்யும். மன்றத்தின் தலைவி கீழ்ப்பேட்டையை இருட்டாக்க ஒரு சட்டம் கொண்டு வருகிறாள்.

அஸ்தம்பட்டியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழு பேர். கூட்டத்தில் புதிதாக யாராவது ஒன்று சொன்னால் அதைக் குறிப்பேட்டில் சொன்னவர் பெயரோடு எழுதி வைப்பார்கள். நான்கு வருடத்தில் என் பெயர் அதில் ஏறியதில்லை. கணக்கு வாத்தியார் பக்கத்தை எண்ணுவார் என்று சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

இந்த முறை என்னிடம் ஒன்று இருந்தது. சட்டம் பதினான்குக்குப் பதின்மூன்று என்று நிறைவேறுகிறது. ஆனால் மன்றத்தில் ஒருவர் நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கத்திலேயே செத்துப்போய்விட்டார். இருப்பது இருபத்தாறு பேர். முந்நூற்றுப் பதினோராம் பக்கத்தில் விழுந்த வாக்கு இருபத்தேழு. மூன்று முறை எண்ணினேன். நாவலில் ஒருவருக்கும் இது தெரியாது. அந்த நகரமே ஒரு பிணத்தின் வாக்கில் நடக்கிறது.

இதை ஒருவரிடம் மட்டும் சொன்னேன். நாமகிரிப்பேட்டையில் இருக்கும் என் நண்பர், சரித்திர வாத்தியார், வட்டத்தில் அவரும் ஒருவர். ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தினமும் நான்கு மணிக்குப் போன் செய்வார். இந்த நாவலுக்காக ஐம்பத்திரண்டு நாள் சண்டை போட்டோம். நான் தலைவியைத் திட்டினால் அவர் தாங்கிப் பேசுவார்.

“அப்படியெல்லாம் இல்லீங்க சார். அவ நல்லவதான். எந்தப் பக்கத்துல இருக்குதுங்க? படிங்க பாக்கலாம்.”

நான் படிப்பேன். ஒரு பக்கம் போதாது என்பார். முன்னே பின்னே பத்துப் பக்கம் படித்து நிரூபிப்பேன். தொண்டை வறண்டுவிடும். பிணத்தின் வாக்கைச் சொன்ன அன்று மட்டும் அவர் மறுத்துப் பேசவில்லை.

“இதைக் கூட்டத்துல நான் சொல்றேன் சார். அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க” என்றேன்.

“நான் எதுக்குங்க சொல்றேன்” என்றார்.

கூட்டத்தில் உட்கார்ந்த வரிசைப்படி பேசுவது வழக்கம். எனக்கு முன்னால் அவர். எழுந்து நின்று, பிணத்தின் வாக்கை அப்படியே சொன்னார். ஐம்பத்திரண்டு நாள் தாங்கிய தலைவியை ஒரு நிமிடத்தில் கைவிட்டார்.

“செத்தவன் ஓட்டா? எங்க வார்டுல இல்லாததா?” என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற அம்மா, “எந்தப் பக்கம்ங்க? படிங்க, எழுதிக்கறேன்” என்று குறிப்பேட்டைத் திறந்தார்.

நண்பர் புத்தகத்தை நடுவில் விரித்துப் படித்தார். தடங்கலே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பக்க எண்ணைப் பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

அவர் டீ குடிக்கப் போனபோது அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்துத் தைப்பார்கள். அவருடைய பிரதியில் ஒரு தொகுதி இரண்டு முறை விழுந்து, அடுத்த தொகுதி விட்டுப்போயிருந்தது. முந்நூற்று நான்குக்கு அடுத்து மறுபடியும் இருநூற்று எண்பத்தொன்பது. முந்நூற்றுப் பதினொன்று அந்தப் புத்தகத்திலேயே இல்லை. அவர் படித்தது நான் போனில் படித்த வரிகள்.

என் முறை வந்தபோது சொல்ல ஒன்றுமில்லை என்றேன். “பக்கம் எத்தனைன்னாவது சொல்லுங்க சார்” என்றார் மருந்துக்கடைக்காரர். எழுநூற்று நான்கு என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். “உங்க புத்தகத்துல அந்தப் பக்கமே இல்லீங்களே சார்.”

“இல்லீங்களா?” என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. “ரெண்டு வருசமா கண்ணுக்கு எழுத்துத் தெரியறதில்லீங்க. பஸ் போர்டே கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறறேன்.”

“சொல்லியிருந்தா படிச்சுக் காட்டியிருக்க மாட்டனுங்களா?”

“காட்டுவீங்க. பாவம் பாத்து நாலு பக்கம் படிப்பீங்க. சண்டைன்னாத்தான் நாப்பது பக்கம் படிக்கறீங்க.”

“அப்ப அவ நல்லவன்னு சொன்னதெல்லாம்?”

“நீங்க கெட்டவன்னீங்க. நான் நல்லவன்னேன். நல்லவன்னு நீங்க சொல்லியிருந்தா நான் கெட்டவன்னிருப்பேன்.”

“சரி, என்னோடதை எதுக்குங்க சொன்னீங்க?”

“எந்திரிச்சு நின்னுட்டனுங்க. சொல்றதுக்கு எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு?”

ராசிபுரம் பஸ் வந்தது. போர்டைப் படித்துச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் கண்டக்டரைக் கேட்டு ஏறிக்கொண்டார்.

பிணத்தின் வாக்கை எடுத்துக்கொண்டது கூட ஒரு நாளில் ஆறிவிடும். இந்த இரண்டு வருடத்தில் பதினோரு நாவல் படித்தோம். பதினொன்றுக்கும் சண்டை. என் பேச்சை உட்கார்ந்து மறுத்துப் பேச உலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்று நம்பினேன். அவருக்கு அபிப்பிராயமே இல்லை. எதிரில் ஆள் இல்லாமல் நான் ஒருவனே இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறேன். ஓய்வுபெறும் முன்பு ஆசிரியர் அறையில் போட்ட சண்டைகளையும் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எது உண்மை, எது என் வாயைப் பிடுங்கச் சொன்னது என்று பிரிக்கத் தெரியவில்லை.

அடுத்த நாவல் வந்துவிட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முப்பத்தெட்டு வரை படித்திருக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்திலேயே ஒரு தப்பு இருக்கிறது. நேற்று நான்கு மணிக்குப் போன் அடித்தது. பதினான்கு முறை. இன்றைக்கும் பதினான்கு முறை அடித்து நின்றது.