நியூஜெர்சிக்குப் போன எருமை

எங்கள் அறை நண்பர்களிலேயே சாதுவானவன் நியூஜெர்சிக்கு மாற்றலாகிப் போனபோது, அவனோடு ஓர் எருமையும் போயிற்று. விமானத்தில் அதற்குத் தனி டிக்கெட் எடுக்கவில்லை. ஒரே ஒரு தாளுக்குள் அடங்கிவிட்ட எருமை அது.

எண்பதுகளின் கடைசி. டெக்சாஸில், இர்விங்கில் ஓர் அபார்ட்மெண்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில், எங்களில் பாளையங்கோட்டைக்காரன் சர்ச்சிலிருந்து திரும்பியதும், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு விளையாட உட்காருவோம். தாள், பென்சில், பல முகங்கள் கொண்ட பகடைகள், ஒரு விதிப் புத்தகம். ஒருவன் கதை சொல்வான்: எதிரே குகை, உள்ளே ஏதோ மூச்சுவிடுகிறது, என்ன செய்கிறீர்கள்? நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா என்று பகடை தீர்மானிக்கும். கதை சொல்பவன் மதுரைக்காரன். விதியில் இல்லாததை எமனே வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டான். அவனோடு மல்லுக்கட்டுவது என் வேலை. வாரம் முழுக்க அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் சேர்த்து அங்கே கத்தித் தீர்ப்பேன்.

நான்காமவன்தான் சாது. சென்னைக்காரன். ஹோட்டலில் கேட்டது ஒன்று, வந்தது வேறு என்றாலும் வந்ததைத் தின்றுவிட்டு வருவான். விளையாட்டிலும் அப்படித்தான் ஒரு மூலையில் கிடந்தான். ஒரு முறை, கதைக்குள் அவன் ஏற்றிருந்த கதாபாத்திரம் ஏரிக்கரையில் ஒரு முட்டையைக் கண்டெடுத்தது. அது பொரிந்து, எருமைத் தலையும் செதில் உடம்பும் முதலைப் பல்லுமாக ஒன்று வெளியே வந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத மிருகம், மதுரைக்காரன் அந்த மத்தியானமே உருவாக்கியது. அன்றிலிருந்து சாதுவின் நாக்கு அவிழ்ந்தது. எருமைக்குப் பசிக்கிறது என்பான், எருமைக்கு இந்த ராஜாவைப் பிடிக்கவில்லை என்பான். எருமை சார்பாகப் பேசிப் பேசி எங்களையே அதட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

இந்த நேரத்தில்தான் மாற்றல் வந்தது. நியூஜெர்சியில் அவனுக்கு ஒரு ஈ காக்கை தெரியாது. யாரோ சொல்லி, அங்கே ஒரு தமிழ் டாக்டரம்மா வீட்டில் இதே விளையாட்டு நடக்கிறது என்று தெரிந்து, நாங்கள் பின்னால் நின்று முதுகில் தட்டிக்கொடுக்க, போன் செய்தான். அந்த அம்மாள் நாகர்கோவில்காரர். தாராளமாக வரச் சொன்னார். எருமையும் கூட வரும் என்றான் இவன். ஆனால் அவர்கள் அப்போதுதான் வந்திருந்த புதுப் பதிப்பு விதிகளுக்கு மாறியிருந்தார்கள். எங்களுடையது பழைய பதிப்பு. "எருமையை நியூ ரூல்ஸ்படி கன்வெர்ட் பண்ணி எடுத்துட்டு வாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

போனை வைத்தவன் முகம் செத்துப்போயிருந்தது.

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா அங்க நான் என்னடா பேசுவேன்?"

அந்தக் கேள்வி எங்கள் மூவருக்கும் சுருக்கென்றது. புதுப் புத்தகத்தை வாங்கி வந்து உடனே வேலையில் இறங்கினோம்.

புத்தகத்தில் இல்லாத மிருகத்தை எப்படி மாற்றுவது? அதன் சொந்தக்காரர்களைப் பிடிக்க வேண்டும். இரண்டு புத்தகத்திலும் இருக்கிற, இதற்குக் கிட்டத்தட்ட உறவான ஒரு மிருகம் பழையதில் எவ்வளவு, புதியதில் எவ்வளவு என்று பார்த்து, அந்த ஏற்ற இறக்கத்தை இதற்கும் கொடுக்க வேண்டும். குடும்பத்தைப் பார்த்து மாப்பிள்ளையை எடைபோடுகிற அதே சங்கதி. ஆனால் எருமை எந்தக் குடும்பம்? கரடி வகையறா என்றேன் நான். முதலை என்றான் பாளையங்கோட்டைக்காரன். "பல்லைப் பாருடா, பல்லை!" என்று இல்லாத பல்லைக் காட்டிக் கத்தினான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டிய பிறகுதான் மதுரைக்காரன் தீர்ப்புச் சொன்னான்: உடம்புக்குக் கரடி, வாய்க்கு முதலை. அதன்படி எத்தனை அடி தாங்கும் என்கிற உயிர்ப்புள்ளி, தோலின் உறுதி, கடியின் பலம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் புதுத் தாளில் பென்சிலால் எழுதி வைத்தான். "இதுக்கு மேல ஒரு புள்ளி ஏறக் கூடாது. ரூல்ஸ்னா ரூல்ஸ்" என்று எங்களைப் பார்த்து விரலையும் ஆட்டினான்.

சாது கிளம்பும் வரை தாள் மேஜையிலேயே கிடந்தது. பெட்டிக்குள் ஊறுகாயும் பருப்புப்பொடியும் போய்க்கொண்டிருந்தன. போகிற போக்கில் நான் தாளைப் பார்த்தேன். கடி எனக்குத் திருப்தியாக இல்லை. போகிற இடத்தில் மனிதர்கள் எப்படியோ, பையனோ வாயில்லாப் பூச்சி. எதற்கும் கூடக் கொஞ்சம் இருக்கட்டுமே என்று அழித்துவிட்டுக் கொஞ்சம் தாராளமாகவே எழுதினேன். இன்றைக்கும் அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அவன் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, நாங்கள் விளையாடவில்லை. மூவரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் மணி அடித்தது.

"எருமையை ஒத்துக்கலடா" என்றான்.

அந்த அம்மாளைத் திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சிரிக்கிறான் என்பது காதில் விழுந்தது.

"ஆன்ட்டி தாளைச் சத்தமா படிச்சாங்க. டேபிளே சிரிச்சுது. 'ஏம்ப்பா, இது மான்ஸ்டரா, இல்ல கோயில் தேரா? ஒரு கடி கடிச்சா மலையே போயிருமே'ன்னாங்க. யார் கன்வெர்ட் பண்ணதுன்னு கேட்டாங்க. என் ரூம்மேட்ஸ் மூணு பேர்னு சொன்னேன். 'அதான பார்த்தேன். ஆளாளுக்குக் கொஞ்சம் ஏத்தி விட்டிருக்காங்க. எங்கம்மா என் பெட்டியில ஊறுகாய் திணிச்ச மாதிரி'ன்னாங்க."

நான் பாளையங்கோட்டைக்காரனைப் பார்த்தேன். "உயிர்ப்புள்ளி கொஞ்சம் கம்மியா இருந்த மாதிரி தோணுச்சு" என்று முணுமுணுத்தான். இருவரும் மதுரைக்காரனைப் பார்த்தோம். ரூல்ஸ்னா ரூல்ஸ் என்றவன் ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தோலைத் தடிமனாக்கியது அவன்தான்.

"அப்புறம் என்னடா பண்ணே?" என்று போனில் கத்தினேன்.

"ஆர்க்யூ பண்ணேன்."

"நீயா?"

"நான்தான். கரடி, முதலை எல்லாத்தையும் எடுத்து விட்டேன். உன்ன மாதிரியே டேபிள்ல தட்டித் தட்டிப் பேசினேன். அவங்க ஹஸ்பண்ட் காப்பி கொண்டாந்து வச்சுட்டு, யாரு இந்தப் புதுப் பையன், நல்லா சண்டை போடறானேன்னு கேட்டாரு."

எருமை அப்போது தாளில் கிடந்தது, வாயைத் திறக்கவே இல்லை. பேசியதெல்லாம் அவன். ரிசீவரைப் பாளையங்கோட்டைக்காரனிடம் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் எல்லாவற்றையும் புத்தகப்படி குறைத்து எருமையைச் சேர்த்துக்கொண்டார்களாம். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு எண்ணை மட்டும் தொடக் கூடாது என்று இவன் பிடிவாதம் பிடித்தானாம். "இது எங்க வீட்ல குடுத்து விட்டது ஆன்ட்டி" என்று சொன்னதும் அந்த அம்மாள் ரப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்த எண்ணுடா?" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டோம்.

அவன் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. மற்ற இருவரும் தங்களுடையதுதான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், பாவம். அது கடிதான்.